அறிக்கையில் "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்று போட்டிருக்கிறார்கள். இதை எப்படிப் படிப்பது?

மழைத்துளி

எல்லாருக்கும் வணக்கம். வயது 34, பெண். கொஞ்ச காலமாகவே அசதி. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மலச்சிக்கல், அதிகம் சாப்பிடாமலே எடை ஏறுகிறது. "முழு ஹார்மோன் பரிசோதனை" என்று ஒரு தொகுப்பைப் பார்த்து, மருத்துவரைக் கேட்காமல் நானே போய் ரத்தம் கொடுத்தேன். வேலை முடிந்து போனதால் மாலை நாலரை மணி ஆகிவிட்டது. வந்த எண்கள் (அடைப்புக்குள் அவர்கள் போட்ட இயல்பு எல்லை):

டி.எஸ்.எச். 6.2 (0.4 – 4.0)
எஃப்.டி4 1.1 (0.9 – 1.7)
புரோலாக்டின் 29 (25 வரை)
கார்டிசால் 4.8 (6 – 18)
வளர்ச்சி ஹார்மோன் 0.2

கடைசியில் "ஹார்மோன் இம்பேலன்ஸ், அட்ரினல் சோர்வு இருக்கலாம்" என்று ஒரு வரி. நாலு சுரப்பியும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? பயமாக இருக்கிறது.

வேகநடை

பயப்படாதீங்க. அட்ரினல் சோர்வுதான் இது, எனக்கும் இருந்தது. தொடர் மன அழுத்தத்தில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோய்விடும். அது சுரக்கும் கார்டிசால் குறைவதே அதற்கு அத்தாட்சி. அட்ரினல் சாறு கலந்த மாத்திரைகள் கிடைக்கின்றன. எனக்கு நல்ல பலன். தைராய்டு எல்லாம் அதன்பின் தானே சரியாகும்.

சுரப்பிப்பித்தன்

வேகநடை, கொஞ்சம் பொறுங்கள். (நான் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன். இங்கே யாருக்கும் சிகிச்சை எழுதித் தர மாட்டேன், எண்ணை எப்படிப் படிப்பது என்று மட்டும் பேசலாம்.)

மழைத்துளி, கார்டிசாலை முதலில் எடுத்துக்கொள்வோம், உங்களை அதிகம் பயமுறுத்தியது அதுதான். கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் ஓடுவதில்லை. விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, காலை எழுகிற நேரத்தை ஒட்டி உச்சிக்குப் போகும். பிறகு இறங்கிக்கொண்டே வந்து நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். உங்கள் அறிக்கையில் இருக்கும் 6 – 18 காலை நேரத்துக்கான எல்லை. மாலை நாலரை மணிக்கு எடுத்த ரத்தத்தை அதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் 4.8 என்பது சாதாரணம். அதை வைத்துக்கொண்டு அட்ரினல் நோய் இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

வளர்ச்சி ஹார்மோனை மறந்துவிடுங்கள். அது துடிப்புத் துடிப்பாக, பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் வெளியாவது. பகலில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அதனால்தான் நாங்கள் ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உருவாகும், நாள் முழுக்க அதிகம் ஆடாத பொருள்) பார்ப்போம், தேவையானால் தூண்டல் சோதனையோ குளுக்கோஸ் கொடுத்து அடக்கும் சோதனையோ செய்வோம். தொகுப்பில் அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பட்டியல் நீளமாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

மிச்சம் இரண்டு: டி.எஸ்.எச். (மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்ட அனுப்புவது, தைராய்டு குறைந்தால் இது ஏறும்), புரோலாக்டின் (அதே பிட்யூட்டரி விடும், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்). அவை பேச வேண்டியவை.

ஆய்வகக்காரன்

பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. மழைத்துளி, முடி கொட்டுகிறது என்றீர்களே, அதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வயிற்றுக்கு? வேறு எதற்காவது? விட்டமின் என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மழைத்துளி

ஆமாம். முடிக்கு ஒரு மாத்திரை, தினமும் மதியம். டப்பாவில் பயோட்டின் 10 மி.கி. என்று இருக்கிறது. நெஞ்செரிச்சல், வயிறு உப்புசத்துக்கு எப்போதாவது டாம்பெரிடோன் கலந்த மாத்திரை. அந்த வாரமும் போட்டேன். கருத்தடை மாத்திரை இல்லை. இதெல்லாம் சம்பந்தப்படுமா?

ஆய்வகக்காரன்

சம்பந்தப்படும். நிதானமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் தினமும் தலைவலி கொடுப்பது இது.

உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் எல்லாம் எங்கள் கருவிக்குத்தான்.

பல இம்யூனோஅஸே கருவிகள் (ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தால் ஹார்மோனைப் பிடித்து அளப்பவை) பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் உள்ள இறுகிய பிணைப்பை நம்பி ஓடுகின்றன. டி.எஸ்.எச்., புரோலாக்டின் போன்ற பெரிய மூலக்கூறுகளை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் ஒளிரும் அடையாளம், மற்றதில் பயோட்டின். அந்தப் பயோட்டின், பரப்பில் இருக்கும் ஸ்ட்ரெப்டாவிடினில் போய் ஒட்டும். ஒட்டாததைக் கழுவி எடுத்துவிட்டு ஒளியை அளப்போம். இப்போது ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால்? கல்யாண வீட்டில் அழைக்காதவர்கள் முன்வரிசை நாற்காலியெல்லாம் பிடித்துக்கொண்ட கதை. உண்மையான விருந்தாளி நின்றுவிட்டு வெளியேறுவார், கருவி "ஆள் குறைவு" என்று எழுதும். ஆக டி.எஸ்.எச்.சும் புரோலாக்டினும் இருப்பதைவிடக் குறைவாக வரும்.

தைராய்டு சுரக்கும் டி4, கார்டிசால் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு முறை வேறு. அது போட்டி முறை. ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஹார்மோன் அதிகம் என்று கணக்கு. பயோட்டின் ஒளியைக் குறைத்தால் முடிவு இருப்பதைவிட அதிகமாக வரும்.

உங்கள் எண்களோடு சேர்த்துப் பாருங்கள். டி.எஸ்.எச். 6.2 என்று வந்தது, உண்மையில் இன்னும் மேலே இருக்கலாம். எஃப்.டி4 (புரதத்தில் ஒட்டாமல் தனியாக ஓடும் டி4) 1.1 என்று இயல்பாக வந்தது, உண்மையில் எல்லைக்குக் கீழே இருக்கலாம். மதியம் மாத்திரை, மாலை ரத்தம். இதைவிட மோசமான இடைவெளி கிடையாது.

எல்லாக் கருவியிலும் இந்தச் சிக்கல் இல்லை. புதிய தயாரிப்புகளில் சிலவற்றில் சரிசெய்துவிட்டார்கள். அந்த ஆய்வகத்தில் என்ன கருவி என்று கேட்டால் சொல்வார்கள். கேட்க விருப்பமில்லையென்றால் பயோட்டினைக் குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள், போதும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் இப்படிப் பொய்யாகக் குறைந்து வரும் என்பதுதான் அதில் பெரிய கவலை.

இளவேனில்

அடேயப்பா. முடி கொட்டுவதற்குக் காரணம் தைராய்டு, முடிக்காக எடுத்த மாத்திரை அந்தத் தைராய்டையே மறைக்கிறது. விளம்பரத்தில் இதைச் சொல்வார்களா?

பழைய ஏடு

வேகநடை சொன்ன "சுரப்பிச் சாறு" விஷயத்துக்கு ஒரு பழங்கதை உண்டு, நெறியாளர் அனுமதித்தால்.

1889இல் பாரிஸில் பிரௌன்-சேக்கார் என்ற புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர், அப்போது வயது 72, நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று அறிவியலாளர் சபையில் அறிவித்தார். உலகமே சாறு சாறு என்று பறந்தது. விரையில் டெஸ்டோஸ்டீரான் உருவானதும் வெளியேறிவிடும், அங்கே பெரிதாகச் சேமிப்பு இல்லை. தவிர, அது நீரில் கரையத் தயங்குகிற பொருள். அவர் எடுத்ததோ நீர்ச்சாறு. ஆக உள்ளே போனது நம்பிக்கை மட்டும்.

சரியாக 2 வருடம் கழித்து, 1891இல், இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை மிக்ஸிடீமா (கடுமையான தைராய்டுக் குறைவு) வந்து வீங்கி முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். அவர் எழுந்து நடந்தார். அதன்பின் 28 வருடம் வாழ்ந்தார்.

ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. தைராய்டு தன் ஹார்மோனை வாரக்கணக்கில் சேமித்து வைக்கும் சுரப்பி, அதனால் சாற்றில் சரக்கு இருந்தது. அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே அது இல்லாமல் இருந்தது. அட்ரினலும் விரையைப் போலத்தான், கார்டிசாலைச் சேமித்து வைப்பதில்லை, கேட்கும்போது உடனுக்குடன் செய்து அனுப்பும். இப்போது அந்த மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்கள்.

வேகநடை

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குச் சோர்வு போனதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சுரப்பிப்பித்தன்

போனது நல்ல விஷயம், மறுக்கவில்லை. எதனால் போனது என்பதுதான் கேள்வி. மாத்திரையோடு சேர்த்துத் தூக்கத்தையும் வேலையையும் மாற்றினீர்களா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்படி விற்கப்படும் சில மாத்திரைகளைச் சோதித்தபோது உண்மையான ஸ்டீராய்டும் தைராய்டு ஹார்மோனும் உள்ளே இருந்தது தெரியவந்திருக்கிறது. அப்படியானால் உற்சாகம் வரத்தான் செய்யும். பின்விளைவும் வரும்.

"அட்ரினல் சோர்வு" என்ற நோயை எந்த எண்டோகிரைன் சங்கமும் ஏற்கவில்லை. 2016இல் இரண்டு பிரேசில் ஆய்வாளர்கள் 58 ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படி ஒன்று இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். நாள்பட்ட மன அழுத்தத்தில் அட்ரினல் ஓய்ந்துபோகும் என்ற கருத்து, சுரப்பி வேலை செய்யும் விதத்துக்கே பொருந்தவில்லை. அழுத்தம் வந்தால் அது சுரப்பைப் பெருக்கும், ஓயாது.

ஓய்ந்துபோகும் உண்மையான நோய் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் அடிசன் நோய். 1855இல் தாமஸ் அடிசன் எழுதியது. அதிபர் கென்னடிக்கு இருந்ததும் அதுதான். அதில் எடை குறையும். உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கறுக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பின் மீது அடங்காத ஆசை வரும், சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உயிருக்கே ஆபத்து. மழைத்துளிக்கு எடை ஏறுகிறது. பொருந்தவே இல்லை.

இருந்தாலும் காலை 8 மணிக்கு ஒரு கார்டிசால் பார்த்துவிடலாம். 3க்குக் கீழே என்றால் பலமான சந்தேகம், 15க்கு மேல் என்றால் அநேகமாகக் கவலை இல்லை, இடைப்பட்டால் ஏ.சி.டி.எச். (அட்ரினலைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) ஊசி போட்டுத் தூண்டிப் பார்ப்போம். இதை நான் வலியுறுத்த வேறொரு காரணமும் இருக்கிறது. தைராய்டுக் குறைவும் அட்ரினல் குறைவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதுண்டு. அட்ரினல் குறைவை விட்டுவிட்டுத் தைராய்டு மாத்திரையான தைராக்சினை மட்டும் ஆரம்பித்தால், உடம்பு கார்டிசாலை வேகமாகச் செலவழிக்கத் தொடங்கும். அதுவே ஒரு நெருக்கடியைக் கொண்டுவந்துவிடும். சந்தேகம் இருந்தால் வரிசை முக்கியம்.

கடலோடி

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும், ஸ்டீராய்டு பேச்சு வந்ததால் கேட்கிறேன். அப்பா மூட்டுவலிக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுக்கிறார். முகம் வீங்கிவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது என்று நேற்றிலிருந்து தானே நிறுத்திவிட்டார். சரிதானே?

சுரப்பிப்பித்தன்

சரியில்லை. இன்றைக்கே அவருடைய மருத்துவரை அழையுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரினலின் வெளிப்புறப் பகுதி சுருங்கிவிடும். ஓரிரு வாரம் எடுத்தவருக்கு இந்தப் பயம் குறைவு. 3, 4 வாரத்தைத் தாண்டினாலே படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அப்பாவுக்கு மாதக்கணக்கு என்கிறீர்கள். சுரப்பி மறுபடி விழிக்க மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை தளர்ச்சி, வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தம் இறங்குவது, மயக்கம் இதில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், "ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தியவர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முகவீக்கமும் சர்க்கரையும் நிஜமான பிரச்சினைகள், அவற்றுக்காக அளவைக் குறைக்கலாம். அதை மருத்துவர் செய்யட்டும்.

கடலோடி

அழைத்துப் பேசிவிட்டேன். மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார்கள், குறைப்பதற்கு அட்டவணை தருகிறார்களாம். நன்றி சார்.

இளவேனில்

எனக்குப் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று சொன்னபோதும் முதலில் "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்றுதான் எழுதித் தந்தார்கள். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு மருத்துவர்தான் உட்கார வைத்து விளக்கினார்: மாதவிடாய் தாறுமாறு, ஆண் ஹார்மோன் மிகுதி (ரத்தத்திலோ, முகமுடி போன்ற அறிகுறியாகவோ), ஸ்கேனில் சினைப்பை நிலை. இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதோடு தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். ஸ்கேனில் மட்டும் நீர்க்கட்டி மாதிரித் தெரிந்தால் அது நோய் இல்லை என்றார். ஸ்கேன் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அழுகிற தங்கைகள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆய்வகக்காரன்

இளவேனில் சொன்னதோடு ஒன்று. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும்போது அதையும் எழுதிக்கொடுங்கள். ஈஸ்ட்ரோஜன், கல்லீரலில் ஹார்மோன் சுமக்கும் புரதங்களைப் பெருக்கும். மொத்தக் கார்டிசால், மொத்த டி4 எல்லாம் உயர்ந்து காட்டும். வேலை செய்வதோ புரதத்தில் ஒட்டாமல் தனியாக ஓடும் சிறு பங்குதான், அது மாறியிருக்காது. எண்ணைப் பார்த்து, கார்டிசால் மிகுதியால் வரும் குஷிங் நோய் என்று ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி. முடி மாத்திரையையும் வயிற்று மாத்திரையையும் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் விட்டு, காலை 8 மணிக்கு மறுபடி கொடுத்தேன். இந்த முறை மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு.

டி.எஸ்.எச். 11.8
எஃப்.டி4 0.7
டி.பி.ஓ. ஆன்டிபாடி: பலமாகப் பாசிட்டிவ்
புரோலாக்டின் 32
கார்டிசால் 15.9

சுரப்பிப்பித்தன்

இப்போது படம் தெளிவாக இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது, பிட்யூட்டரி கத்திக் கேட்கிறது. தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடி இருப்பதால் காரணம் ஹஷிமோட்டோ, 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த தன்னெதிர்ப்பு நோய். கார்டிசால் நன்றாக இருக்கிறது, அந்தக் கதை முடிந்தது.

6.2இலிருந்து 11.8க்குப் போனதை முழுக்கப் பயோட்டின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். டி.எஸ்.எச். இரவில் ஏறி மதியத்துக்குமேல் இறங்கும் பழக்கம் உள்ளது. நாளுக்கு நாளும் கொஞ்சம் ஆடும். ஆனால் எஃப்.டி4 1.1இலிருந்து 0.7க்கு வந்ததில் பயோட்டினுக்குப் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதல் அறிக்கையை மட்டும் வைத்திருந்தால் "டி4 இயல்பு, லேசான குறைவு, பொறுத்துப் பார்ப்போம்" என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அதில் தப்பும் இல்லை. டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். 10க்குக் கீழே இருக்கும் பலருக்கு மாத்திரையே வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2017இல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தும் சோர்வு மாறவில்லை.

புரோலாக்டின் 32க்குத் தலை எம்.ஆர்.ஐ. எடுக்க யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறையும்போது, பிட்யூட்டரியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸ் டி.ஆர்.எச். என்ற தூண்டியை அதிகம் விடும். அது டி.எஸ்.எச்.சை மட்டுமல்ல, புரோலாக்டினையும் தட்டி எழுப்பும். டாம்பெரிடோனும் ஏற்றும், ஊசி குத்தும் பதற்றமும் ஏற்றும். தைராய்டு சரியானபின் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் இறங்கியிருக்கும். தலைவலியோ பார்வையின் ஓரம் மறைவதோ இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

வேகநடை

ஆக நாலு சுரப்பி இல்லை, ஒன்றுதான். சரி. ஆனாலும் மன அழுத்தத்துக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

சுரப்பிப்பித்தன்

அப்படி நான் சொல்லவே இல்லையே. கார்டிசால் அழுத்தத்தில் ஏறும் என்பதுதான் என் கட்சி.

மழைத்துளி

மருத்துவர் தைராக்சின் தொடங்கிவிட்டார். 6 வாரம் கழித்து வரச்சொன்னார். அதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தால் என்ன? மூன்றாம் வாரமே பார்க்க ஆசையாக இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார், இரண்டையும் காலையிலேயே போட்டுவிடலாமா?

ஆய்வகக்காரன்

மூன்றாம் வாரம் வந்தால் பணம் வாங்கிக்கொண்டு ஒரு எண் தருவோம், அது உங்களுக்குப் பயன்படாது. தைராக்சினின் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறையும் காலம்) சுமார் 7 நாள். ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வரவே 5 வாரம்போல் ஆகும், பிட்யூட்டரி அதைப் பார்த்துத் தன் குரலைத் தணிக்க இன்னும் கொஞ்சம். 6 – 8 வாரம் என்பது அந்தக் கணக்கு.

இரும்பு வேண்டாம், சேர்த்துப் போடாதீர்கள். இரும்பு, கால்சியம் இரண்டும் குடலிலேயே தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. காலை சரிப்படாவிட்டால், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

மழைத்துளி

புரிந்தது. கடைசியாக ஒன்று, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். இந்த மாத்திரையோடு பரவாயில்லையா?

சுரப்பிப்பித்தன்

பரவாயில்லை என்பதோடு, கட்டாயம் தேவை. முதல் சில மாதம் கருவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவின் டி4தான் அதன் மூளை வளர்ச்சிக்கு. திட்டமிடுவதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச்.சை 2.5க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார். கரு தங்கியது தெரிந்த அன்றே மறுபடி அழையுங்கள், அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும், அதன்பின் கர்ப்பத்தின் பாதிக்காலம்வரை சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். கர்ப்பகால விட்டமின் மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருக்கும், அதற்கும் அதே 4 மணி நேரம்.